கோட்டுகளுக்குப் பின்னால் ஒரு மெயில் சேர்வர்

பிரெஞ்சு கதைக்கிற இந்தக் குளிர் நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருந்த வீட்டு நடையில் கோட்டுகள் மாட்டுகிற சிறிய அலுமாரி ஒன்று இருந்தது. ஒரு இலையுதிர்காலத்தில் என் கணவர் அதன் அடித்தட்டில் கிடந்த பனிச் சப்பாத்துகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, யாரோ வீசப்போன பழைய கொம்பியூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார். இனி இதுதான் எங்கள் அன்பியத்தின் தபால் கந்தோர் என்றார். சப்பாத்துகளை இனி எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டு நான் நின்றேன்.

அன்பியம் என்பது எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் அண்டை அயல் குடும்பங்கள் சேர்ந்து செபம் சொல்கிற கூட்டம். யாழ்ப்பாணத்து ஆட்களும் மன்னார் ஆட்களும் கலந்தது. யாருக்குச் சுகமில்லை, யார் மோசம் போனார், அடக்கப் பூசை எத்தனை மணிக்கு என்பதை எல்லாம் முன்பு போனில் சொல்வார்கள். பிறகு வாட்ஸ்அப் வந்தது. அதில் காலை வணக்கம் சொல்கிற பூப்படங்களுக்கு அடியில் ஒரு மரண அறிவித்தல் புதைந்துபோய், ஒரு மனிசி அடக்கம் முடிந்த பிறகுதான் அறிந்தா. எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை என்று அந்தக் குடும்பம் நெடுநாள் கூட்டத்துக்கு வரவில்லை. சாதாரண ஈமெயிலில் எல்லாருக்கும் ஒன்றாகப் போட்டால் அது குப்பைப் பெட்டிக்குள் போய் விழுந்தது. அதனால்தான் இவர் சொந்தமாக ஒன்றைக் கட்டப் புறப்பட்டார். வீட்டு இணைப்பிலிருந்து வெளியாருக்கு மெயில் அனுப்ப இன்டர்நெட் கம்பனி விடாதாம். எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களுக்கே அனுப்பி, எங்கள் பெட்டியிலேயே எடுத்து வாசிக்கிறதுக்குத் தடை இல்லையாம்.

ஊரில் அவர் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர். இங்கே வந்து ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் அதே வேலை. ஓய்வு எடுத்த பிறகு நூலகத்தில் வயது போனவர்களுக்கு நடந்த கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனார். கூடப் போனவர்கள் படம் அனுப்பப் பழகியதோடு நின்றுவிட்டார்கள். இவர் பைதான் என்கிற மொழியைப் போய்ப் பிடித்துக்கொண்டார். அது கொம்பியூட்டரோடு கதைக்கிற மொழி என்றும், பாம்பின் பெயர்தான், பயப்படாதே என்றும் சொன்னார்.

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், கூட்டி வாசிக்கச் சிரமப்படுவேன். நான் ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவள். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கினால்கூட, நன்றிக்குச் சொல்கிற மெர்சி நான் கடைக்கு வெளியே வந்த பிறகுதான் வாயில் வரும். அப்படிப்பட்ட என்னை அவர் ஒரு நாள் குசினி மேசையில் லப்டொப்புக்கு முன்னால் இருத்தினார். சேர்வர் ஒழுங்காகப் பதில் சொல்கிறதா என்று பார்க்க மற்றப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமாம். அவர் நடையில் ஒரு முக்காலியைப் போட்டு, கோட்டுகளுக்கு இடையில் தலையை விட்டுக்கொண்டு அங்கே இருந்த திரையைப் பார்த்தார். நான் வீட்டுக்கு வருகிற ஆள். அவர் உள்ளே இருக்கிற ஆள்.

வருகிறவர் முதலில் ஹெலோ என்று அடிக்க வேண்டும். உள்ளே இருக்கிறது வணக்கம் சொல்லும். பிறகு இது யாரிடமிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். அது சரி என்னும். யாருக்கு என்று சொல்ல வேண்டும். அதற்கும் சரி என்னும். பிறகு இனிச் சொல் என்று அது கேட்டுக்கொண்டிருக்க, நாங்கள் எழுத வேண்டியதை எழுதிக் கடைசி வரியில் ஒரு புள்ளியை மட்டும் தனியே வைக்க வேண்டும். புள்ளியைக் கண்டால் வாங்கிவிட்டேன் என்று பதில் வரும். எல்லாம் முடிய குவிட் என்று அடித்து விடைபெற வேண்டும்.

எனக்கு அது பிடித்துக்கொண்டது. மனிசரோடு கதைக்கும்போது அடுத்ததாக என்ன சொல்வது என்று தெரியாமல்தான் நான் எப்போதும் தடுமாறுவது. இங்கே அடுத்தது என்ன என்பது முன்பே தெரியும். நான் முதல் எழுதிய மெயில் அவருக்குத்தான். சோறு ஆறுது என்று எழுதிப் புள்ளி வைத்தேன். நடையில் கோட்டுகளுக்குள் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

அவர் கட்டியது ஒரு நேரத்தில் ஓர் ஆளோடு மட்டும்தான் கதைக்கும். கோயிலில் சுவாமியிடம் பாவம் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டி மாதிரி என்று எனக்கு விளக்கினார். ஓர் ஆள் உள்ளே முழந்தாளில் நிற்க, மற்றவர்கள் வாங்கில் வரிசையாகக் காத்திருக்க வேண்டும். பலரோடு ஒரே நேரத்தில் கதைக்கவும் செய்யலாம், வாய் திறக்காமல் நிற்கிற ஆளைக் கொஞ்ச நேரத்தில் வெளியே அனுப்பவும் செய்யலாம், ஆனால் முதலில் ஒன்றை ஒழுங்காகச் செய்வோம், மற்றதைப் பேந்து பார்ப்போம் என்றார். எங்கள் அன்பியத்தில் அப்படி என்ன கூட்டம் முண்டியடிக்கப் போகிறது.

அந்த வருசம் முதல் பனி விழுந்த நாளில்தான் வேறொன்று நடந்தது. பார்க் மெட்ரோவில் இறங்க வேண்டியவர் அக்காடியில் இறங்கிவிட்டார். அது பெரிய காரியம் இல்லை, அடுத்தடுத்த நிலையங்கள்தான். ஆனால் அவர் நடந்து வந்து வேறொரு தெருவில், வெளிப்படிக்கட்டு வைத்த வேறொரு வீட்டில் ஏறி, கதவில் எங்கள் திறப்பைப் போட்டுத் திருப்பிக்கொண்டே நின்றிருக்கிறார். எங்களைத் தெரிந்த மரக்கறிக் கடைக்காரர்தான் கண்டு கூட்டிக்கொண்டு வந்தார். இவருடைய தலையிலும் தோளிலும் பனி கிடந்ததைப் பார்த்து, எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை.

மகள் அன்றே காரில் வந்துவிட்டாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். நகரத்துக்கு ஒதுக்கமாக இல்-பிசாரில் பெரிய வீடு, ஒரு வங்கியில் கொம்பியூட்டர் பகுதியில் வேலை. எங்களைத் தன்னோடு வரச் சொல்லி முன்பும் கேட்டிருக்கிறாள். அன்று கேட்கவில்லை, அழுதாள். இல்-பிசாரை எனக்குத் தெரியும். அங்கே ஆறு இருக்கிறது, மரம் இருக்கிறது, தெருவில் ஆள் இல்லை. பஸ் வந்தால் வந்ததுதான். பார்க் எக்ஸ்டென்ஷனில் வாய் திறக்காமலே என் காரியங்களைப் பார்த்துக்கொள்வேன். கோயிலுக்கு நடந்து போவேன், முருங்கைக்காய் வாங்குவேன், என்னைக் கண்டால் தலையாட்டுகிற ஆட்கள் இருந்தார்கள். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. கதை அவர்கள் இருவருக்கும் இடையில்தான்.

அவர் தன் தலைக்கு ஒன்றுமில்லை என்றார். தலை பழுதாய்ப் போனவன் மெயில் சேர்வர் எழுதுவானா என்று கேட்டார்.

"உயிர்த்த ஞாயிறு வரும் மட்டும் பார், பிள்ளை," என்றார் அவர். "அது ஓடட்டும். அதுக்குள்ளை நான் ஒரு பிழை விட்டால் வாயைத் திறக்காமல் உன்னோடை வாறன்."

மகள் அதற்குச் சம்மதித்தாள். அவளும் இந்த வேலையே செய்கிறவள் என்றபடியால், அது ஓடுகிறதா நிற்கிறதா என்பதை அவளால் அங்கிருந்தே பார்க்க முடியும். அப்படித்தான் அந்த அலுமாரிக்குள் இருந்த பெட்டியில் எங்கள் இருப்பே தொங்கத் தொடங்கியது. குளிருக்குக் கோட்டை எடுக்கப் போனால்கூட நான் மெதுவாக எடுப்பேன், ஏதாவது வயர் இழுபட்டுவிடும் என்று. அவர் காலையில் செபம் சொல்லி முடித்ததும் முதலில் அலுமாரிக் கதவைத்தான் திறப்பார். பச்சை வெளிச்சம் எரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

சும்மா சொல்லக்கூடாது, அது ஓடியது. அன்பியத் தலைவர் இவரைக் கொண்டு எல்லாருடைய போனிலும் அதைப் போட்டுக்கொடுக்க வைத்தார். செபக் கூட்டம், நோயாளர் சந்திப்பு, நத்தார் ஒளிவிழா என்று எல்லாம் அதில் வந்தது. சாவு அறிவித்தலுக்கு இனி இதை மட்டும் பார்ப்போம் என்று கூட்டத்தில் முடிவு செய்தார்கள். அன்று அவர் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் அலுமாரிக்கு முன்னால் நின்றார்.

தவக்காலத்தில் அவருடைய கூட்டாளி செத்துப்போனார். இருதய வருத்தம். இருவரும் பிஸ்கட் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்தவர்கள், இந்த நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் ஒரே அறையில் ஒரே போர்வையோடு கிடந்தவர்கள். அறிவித்தலை நீங்களே போடுங்கள் அண்ணை என்று தலைவர் போனில் சொன்னார். இவர் போனில் தட்டி அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. கையால்தான் போட வேண்டும் என்று லப்டொப்பைக் குசினி மேசையில் வைத்து, ஹெலோவில் இருந்து ஒவ்வொன்றாக அடித்தார். நான் பக்கத்தில் இருந்து, தாளில் எழுதியிருந்த உறவுமுறைகளைப் பிழை வராமல் வாசித்துக் கொடுத்தேன். இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் தந்தை, உடல் பார்வைக்கு எப்போது, அடக்கப் பூசை சனிக்கிழமை பின்னேரம். கடைசியில் புள்ளி வைத்தார். வாங்கிவிட்டேன் என்று பதில் வந்தது. அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கதிரையை விட்டு எழும்பினார்.

குவிட் அடிக்கவில்லையே என்று நான் திரையைக் காட்டினேன்.

"செத்தவீட்டிலை ஆரும் போயிட்டு வாறன் எண்டு சொல்லுறதே?" என்றார். "விடும்."

எங்கள் ஆட்களுக்கு அது தெரிந்த விசயம். செத்தவீட்டுக்குப் போனால் விடைபெறுகிறதில்லை. இருந்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு எழும்பி வந்துவிட வேண்டும். இங்கே சவச்சாலையில் வாசலில் நிற்கிற பிரெஞ்சுக்காரன் மெர்சி, பொன்ஸுவா என்று ஒவ்வொருவருக்கும் விடை சொல்வான். நாங்கள் காது கேட்காதவர்கள் போல அவனைத் தாண்டிப் போவோம். ஆகவே அவர் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. கூட்டாளியின் சாவைச் சொல்லிவிட்டு அதே கையால் எப்படிப் போய்வருகிறேன் என்று அடிப்பது. லப்டொப்பை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டார். நான் அதைத் தள்ளி வைத்துவிட்டு மரக்கறி வெட்டினேன்.

சனிக்கிழமை பின்னேரம் பெரும் பனிப்புயல் வரப்போகிறது என்று வெள்ளிக்கிழமை ரேடியோவில் சொல்லியிருக்கிறார்கள். செத்தவீட்டுக்காரரும் சுவாமியும் கதைத்துப் பூசையைக் காலைக்கு மாற்றிவிட்டார்கள். தலைவர் உடனே அதை எங்கள் மெயிலில் எல்லாருக்கும் போட்டார். அவருடைய போனில் மெயில் போகும்போது வருகிற சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததாம், போயிருக்கும் என்று நினைத்துப் பையில் வைத்துவிட்டாராம். வீட்டுக்காரர் கிட்டின சொந்தத்துக்கு மட்டும் போன் எடுத்தார்கள். மற்றவர்களுக்கு மெயில் போய்விட்டதே.

நாங்கள் சனிக்கிழமை வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, அவர் தன் ஒரே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொள்ள, மெட்ரோவும் பஸ்ஸும் எடுத்து அடக்கப் பூசை வைத்த கோயிலுக்குப் போனோம். கோயில் வாசலில் எங்கள் அன்பியத்து ஆட்கள் நின்றார்கள். உள்ளே ஒரு மனிதர் உதிர்ந்த பூக்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். சவப்பெட்டி போய்விட்டது. காலைப் பூசைக்கு முன்வாங்குகளில் மட்டும்தான் ஆட்கள் இருந்தார்களாம். பெட்டிக்குக் கை கொடுக்கத் தமிழ் ஆம்பிளைகள் போதாமல், சவச்சாலைக் கம்பனிக்காரர்கள் தள்ளிக்கொண்டு போனார்களாம். கூட்டாளியின் மனைவி வாசலில் நின்று, ஏன் ஒருத்தரையும் காணவில்லை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாவாம். இதை எல்லாம் அந்தப் படிகளில் நின்றுதான் கேட்டுக்கொண்டோம். பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

"அண்ணை, உங்கடை மெயில் இன்னும் கோட்டு அலுமாரிக்குள்ளையோ நிக்குது?" என்றார் ஒருவர். பக்கத்தில் நின்றவர் சிரித்தார், பிறகு சிரித்ததற்காகத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, பூக் கூட்டுகிற மனிதரையே பார்த்துக்கொண்டு நின்றார். தொப்பியைப் போடுங்கோ என்று சொன்னேன். போடவில்லை.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தால் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் முக்காலியில் இருந்து திரையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். தான் எழுதியதைத் தானே விரல் வைத்து வாசித்தார். அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன பிழை என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவருடைய பிடரியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் தெருவைத் துப்புரவாக்கிய பிறகு மகள் வந்தாள். கோட்டுகளைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு அலுமாரிக்கு முன்னால் முழந்தாளில் இருந்தாள். அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. உள்ளே வந்த ஓர் ஆள் இன்னும் போகவில்லை என்றாள். அந்த ஆள் நிற்கிறபடியால் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் கதவடியில் காத்திருந்திருக்கிறார்கள். வந்து நிற்கிறது யார் என்று பார்த்துவிட்டு, எழும்பி நேரே குசினிக்கு வந்து, வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் திறந்தபடி கிடந்த லப்டொப்பைப் பார்த்தாள். அந்த இணைப்பை வெட்டிவிட்டாள்.

வெட்டினதுதான் தாமதம், என் கையில் இருந்த போன் கிணுங்கியது. சாமி அறையில் இருந்த அவருடைய போனும் கிணுங்கியது. நகரம் முழுக்க எங்கள் ஆட்களின் போன்கள் எல்லாம் அந்த நேரம் கிணுங்கியிருக்கும். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். அடக்கப் பூசை நாளை காலைக்கு மாற்றப்பட்டுள்ளது, எல்லாரும் தவறாமல் சமுகம் தரவும் என்று இருந்தது.

"அப்பா, ஏன் குவிட் போடாமல் விட்டனீங்கள்?" என்று மகள் கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அவர் முக்காலியில் இருந்தபடி தன் கைகளைப் பார்த்தார்.

நான்தான் பேசினேன். என் வாழ்நாளில் யாருடைய கதைக்கு நடுவிலும் நான் புகுந்ததில்லை. அன்று புகுந்தேன். அப்பா மறக்கவில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன், நான் ஞாபகப்படுத்தினேன், வேண்டுமென்றேதான் விட்டவர் என்றேன். செத்தவீட்டுச் செய்தி, அதற்குப் போய் வாறன் சொல்லக்கூடாது என்று அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். இதைக் கேட்டால் மகளுக்கு விளங்கும், அவருடைய தலையில் பழுதில்லை என்று தெரியும், நாங்கள் இங்கேயே இருக்கலாம் என்று நினைத்தேன்.

மகள் என்னைப் பார்த்த பார்வை மாறியதை நான் கண்டேன். கோபம் இல்லை. அக்காடியில் இருந்து கூட்டிவந்த அன்று அவரைப் பார்த்த அதே பார்வை.

"அம்மா, மெசினுக்குள்ளையோ செத்தவீடு?" என்றாள் மெதுவாக. "அவர் அப்பிடித்தான் யோசிச்சவர் எண்டால், அது மறக்கிறதை விடப் பெரிய வருத்தமெல்லே. டொக்டரிட்டை இதைச் சொல்லவேணும்."

நான் அவருக்காகக் கொண்டுவந்து வைத்த ஒன்று அவருக்கு எதிராகத் திரும்பி நின்றது. அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் யோசிக்கிறோம், நானும் அப்படித்தான் யோசித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் என்னையும் டொக்டரிடம் கூட்டிப் போயிருப்பாளோ என்னவோ.

அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தினார்.

"கொம்மா சும்மா சொல்லுறா, பிள்ளை. நான் மறந்துபோனன்," என்றார். "எப்ப வெளிக்கிடுறது எண்டு சொல்லு."

அவ்வளவுதான். உயிர்த்த ஞாயிறுக்கு முன்னமே சாமான்கள் கட்டியாகிவிட்டது. கூட்டாளியின் மனைவியைப் பார்க்க ஒரு நாள் போனோம். அவ எங்களுக்குத் தேத்தண்ணீர் தந்தா, மெயிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்பியம் பழையபடி வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது.

இப்போது இல்-பிசாரில் இருந்துதான் இதை எழுதுகிறேன். மகளில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். டொக்டர் சொன்னதும் அவள் பயந்த விசயத்தைத்தான். அவள் பயந்தது பிழை என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. அடித்தளத்தில் யன்னலோரம் தகப்பனுக்கென்று ஒரு மேசை போட்டு, அந்தப் பழைய கொம்பியூட்டருக்குப் புதுத் திரை வாங்கிப் பொருத்திக் கொடுத்திருக்கிறாள். அவள் வீட்டில் நிற்கும்போது அவர் போய் அதற்கு முன்னால் இருப்பார், வேறொருவர் வீட்டுக் கதிரையில் இருப்பது போல, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு. அவளுடைய கார் போனதும் எழும்பி மேலே வந்துவிடுவார். அதில் ஒரு எழுத்துத் தட்டி நான் காணவில்லை.

அன்றைக்கு அவர் உண்மையாகவே மறந்துபோனாரா, அல்லது விசர், பைத்தியம் என்று சொல்வதை விட மறதி என்று சொல்லட்டும் என்று அப்படிச் சொன்னாரா என்பது எனக்குத் தெரிய வேண்டும் போல இருந்தது. வந்த புதிதில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவரிடம்கூட எனக்குக் கூச்சம் வந்துவிட்டது. தள்ளித் தள்ளிப் போட்டு இந்தக் கிழமைதான் கேட்டேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவர் குசினியில் இருந்து வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு நீங்கள் உண்மையா மறந்தனீங்களே?" என்று கேட்டேன்.

ஓம் என்றார்.

கொஞ்சம் பொறுத்து, "மறக்கேல்லைத்தானே?" என்று கேட்டேன்.

அதற்கும் ஓம் என்று தலையாட்டினார். பின்னேரம் வெளியே மகளின் கார்ச் சத்தம் கேட்டது. அவர் கையை மேசையில் ஊன்றி எழும்பி, படி இறங்கிப் போய் அந்தக் கதிரையில் இருந்தார்.